நமக்கு 56 நாள்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில் நலப்பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கொவிட் காலத்தில் நலப்பிரிவு என்னென்ன பணிகள் செய்தது என்று இருபது நிமிடம் பேசுங்கள் என நிர்வாகக் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். எத்தனை உணவுப் பொட்டலம், எத்தனை மளிகைப் பை, யார் யார் நன்கொடை கொடுத்தார்கள் என்ற விவரமெல்லாம் உங்கள் கையில் இருக்கும் ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கிறது. அதை இங்கே மறுபடியும் வாசிக்க வேண்டியதில்லை. பொட்டலம் கொண்டுபோன இடங்களில் நாங்கள் பார்த்ததும், தொலைபேசியில் கேட்டதும் அறிக்கையில் இல்லை. அதைப் பற்றியே பேச விரும்புகிறோம். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கவும் போகிறோம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, பிரியாணி வந்த பிறகு கேட்டால் எழுந்து போய்விடுவீர்கள்.

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. தேதியைச் சொன்னாலே நம்மில் பலருக்கு நினைவு வந்துவிடும். மலேசியாவில் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த இஜ்திமாவுக்கு இங்கிருந்து ஏறக்குறைய 90 பேர் போய் வந்திருந்தார்கள். அவர்களில் சிலருக்குத் தொற்று என்று தெரிந்ததும் சிங்கப்பூரின் 70 பள்ளிவாசல்களையும் மூடுவதாக முயிஸ் அறிவித்தது. அன்று ஜும்ஆ இல்லை. முதலில் ஐந்து நாள் என்றார்கள். பிறகு அது நீண்டது. ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. அந்த நீண்ட பெயரை யாரும் சொல்லவில்லை, நம் வீட்டுப் பாட்டிமார்கள்கூட ‘சர்க்கிட் பிரேக்கர்’ என்றுதான் சொன்னார்கள். அது ஜூன் 1 வரை நீடித்தது. கணக்குப் பார்த்தால் 56 நாள்.

அந்த 56 நாளுக்குள் ஒரு ரமலான் முழுவதும் அடங்கிப் போயிற்று. ஏப்ரல் 24 முதல் நோன்பு, மே 24 பெருநாள். தராவீஹ் வீட்டில்தான். பல வீடுகளில் முதன்முறையாக மகன் இமாமாக நின்றான், வாப்பா பின்னால் நின்றார். கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருக்கப் பள்ளிவாசல் இல்லை. பெருநாள் தக்பீரையும் குத்பாவையும் தொலைக்காட்சியில் கேட்டோம். அப்புறம் கஞ்சி! பள்ளிவாசலில் அஸருக்குப் பின் தூக்குவாளியோடு நிற்கும் வரிசை அந்த ஆண்டு இல்லை. நம் பெண்கள் வீட்டிலேயே காய்ச்சினார்கள். முந்நூறு பேருக்கு அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கறி என்று கணக்கு வைத்திருக்கும் நம் கஞ்சிக்காரர் ஒருவரிடம், நான்கு பேருக்கு எவ்வளவு போடுவது என்று தொலைபேசியில் கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. “அண்டாவுக்குத்தான் எனக்குக் கணக்குத் தெரியும்” என்றார். அந்த ஆண்டு எந்த வீட்டுக் கஞ்சியும் கஞ்சியாக இல்லை என்பது எங்கள் தாழ்மையான கருத்து. சமைத்தவர்கள் மன்னிக்கவும்.

சிரித்துவிட்டோம். ஆனால் அப்போது யாரும் சிரிக்கவில்லை. மார்ச் 18 முதல் ஜொகூர்ப் பாலம் மூடிக்கிடந்தது. மனைவி மக்கள் அந்தப் பக்கமும் தான் இந்தப் பக்கமுமாக நின்றுபோனவர்கள் நம் உறுப்பினர்களிலேயே உண்டு. ஜனாஸாவுக்குப் பத்துப் பேர் என்று வரம்பு இருந்தது. எட்டுப் பிள்ளைகள் பெற்ற ஒரு தாயாருக்கு, மருமக்கள் பேரப்பிள்ளைகள் எல்லாரிலும் பத்துப் பேரைப் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் வீட்டிலிருந்தபடி துஆ கேட்டார்கள். அந்தக் குடும்பம் இன்று இங்கே வந்திருக்கிறது. நாம் பட்டது சிறிய துன்பம் என்று சொல்ல நாங்கள் இந்த மேடைக்கு வரவில்லை.

ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரியாக இருந்ததா? அதுதான் எங்களுக்குத் தொலைபேசி கற்றுக்கொடுத்தது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக அழைக்கத் தொடங்கினோம். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை முதலில். பெரிய வீட்டில் இருந்தவர்கள் சிலர், “இது ஒருவகையில் நல்லதுதான் தம்பி, குர்ஆனை ஒருமுறை தர்ஜுமாவோடு முடித்துவிட்டேன்” என்றார்கள். மாஷா அல்லாஹ், அவர்கள் சொன்னது உண்மை. மூன்றறை வீவக வீட்டில் எட்டுப் பேர் இருந்த ஒரு குடும்பத்தை அழைத்தபோது, அந்தச் சகோதரி பேசுவதற்கு வெளியே நடைபாதைக்கு வந்தார். உள்ளே இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம், ஒரே மடிக்கணினி. கணவர் டாக்ஸி ஓட்டுகிறார், ஏறுவதற்கு ஆள் இல்லை. மாமியார் படுக்கையில். “தனியா இருக்கணும்னு டிவியில சொல்றாங்க. எங்க வீட்ல தனியா இருக்கிறது ஃபிரிஜ் மட்டும்தான்” என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எல்லாம் இருந்தும் ஆள் இல்லாத வீடுகளும் உண்டு. கணவரை இழந்த ஒரு மூதாட்டி, பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். மளிகை இணையத்தில் வந்து இறங்கிவிடும். நாங்கள் பை கொண்டுபோனபோது, “இதை வேறு யாருக்காவது கொடுங்கள். நாளைக்கும் கூப்பிடுவீர்களா?” என்றுதான் கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் பொருள் போகவில்லை, தினமும் மாலை ஓர் அழைப்பு போனது. நம் இளையர் அணிப் பிள்ளைகள்தான் முறைவைத்துப் பேசினார்கள். அவர் அவர்களுக்கு ஊர்ப் பண்டம் செய்முறை சொல்லிக்கொடுத்தார். அணியில் இன்று மூன்று பையன்களுக்கு ஒட்டப்பம் சுடத் தெரியும்.

இன்னொருவரையும் சொல்லாமல் போகக்கூடாது. நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்த் தன் ஊர்க்காரிகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவது அவர்களுக்கு ஒரே ஆறுதல். அந்த மாதங்களில் விடுப்பு நாளிலும் வீட்டிலேயே இருக்கும்படி அரசாங்கம் சொன்னது. நாம் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம். அவர்கள் வேலையிடத்திலேயே விடுப்பு எடுத்தார்கள். எழுபது நாள், எண்பது நாள் நம் குடும்பத்தின் சத்தத்துக்குள்ளேயே இருந்த ஒரு பெண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று, அன்று ஒருவர் கேட்டபோது எங்கள் கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

இப்போது தங்குவிடுதிகளைப் பற்றி.

ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு ஊழியர் தங்குவிடுதிகள் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 பேர். அடுத்தடுத்து மற்ற விடுதிகளும் மூடப்பட்டன. ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று உறுதியானது, பெரும்பாலோர் விடுதிவாசிகள். நாம் மாலையில் செய்தியைப் பார்த்து, ‘சமூகத்தில் எத்தனை, விடுதியில் எத்தனை’ என்று இரண்டு எண்ணாகப் படிக்கப் பழகினோம். சமூகத்தில் என்ற எண் சிறியதாக இருந்தால் நமக்கு மூச்சு வந்தது. அந்த இன்னொரு எண்ணுக்குள் நம் ஊர்ப் பையன்கள் இருந்தார்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருநெல்வேலி, தென்காசி. கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள். சிலருக்கு இந்தச் சபையில் இருப்பவர்களே ஒன்றுவிட்ட மாமனோ மச்சானோ.

எங்கள் எண் எப்படியோ அவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது. அழைப்புகள் வரத் தொடங்கின. உணவு கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். தொடக்கத்தில் சிலர் கேட்கவும் செய்தார்கள். பிறகு சாப்பாடு விடுதிக்கே வந்தது. நோன்பு தொடங்கியபின் ஸஹருக்கும் நோன்பு திறக்கவும் தனியாக வந்தது. அதை ஏற்பாடு செய்தவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும். பையன்கள் எங்களிடம் அதிகம் கேட்டது போனுக்கு டாப்-அப்.

இது எங்கள் குழுவில் ஒரு விவாதத்தைக் கிளப்பிவிட்டது. ஸதகா என்று மக்கள் கொடுத்த பணத்தில் அரிசி வாங்கலாம், மருந்து வாங்கலாம், போனுக்கு டாப்-அப் போடலாமா? நாடகம் பார்க்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? ஜூமில் ஒரு மணி நேரம் பேசினோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கடைசியில் ஒலிவாங்கியைத் திறந்தார். “நாங்க வந்த காலத்துல ஏரோகிராம் வாங்கவும், கடுதாசி எழுதித் தர்றவருக்குக் கொடுக்கவும் காசு வேணும். இல்லாதவனுக்கு இருக்கிறவன் கொடுத்தான். இது அதேதான் தம்பி. போட்டு விடுங்க.” அத்தோடு விவாதம் முடிந்தது. டாப்-அப் போட்டோம்.

அப்படி டாப்-அப் போட்டுக்கொடுத்த ஒரு பையன் ரமலான் பாதியில் இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர். இருபத்தாறு வயது. “வாப்பா மவுத்தாயிட்டாங்க காக்கா” என்றார். விமானம் இல்லை. இந்தியாவில் மார்ச் கடைசியிலிருந்தே ஊரடங்கு. மே மாதம் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியிருந்தன என்றாலும், விடுதிக் கதவைத் தாண்ட முடியாதவருக்கு விமானத்தால் என்ன பயன்? தம்பி கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, மையித்தின் முகத்தைக் காணொளியில் பார்த்திருக்கிறார். கபுரடிக்குப் போகும் வழியில் இணைப்பு அறுந்துவிட்டது.

எங்களில் ஒருவர் இன்னா லில்லாஹி சொல்லி, ஆறுதலாக ஏதேதோ பேசினார். அந்தப் பையன் குறுக்கிட்டார். “அழறதுக்கு இங்க ஒரு இடம் இல்ல காக்கா. பாத்ரூமுக்கும் முறை இருக்கு. ரூம்ல பன்னெண்டு பேரு.” பிறகு சொன்னார்: “ரூம்ல உள்ளவங்க எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. ஒருத்தர் எழுந்து ஃபேனை வேகமா வச்சாரு, சத்தம் கேக்காம இருக்கட்டும்னு.”

அந்த அறையில் முஸ்லிம்கள் மூவர்தான். மற்றவர்கள் பிற சமயச் சகோதரர்கள். அவர்களிடம் அந்தப் பையனுக்குக் கொடுக்க ஓர் அறை இல்லை, ஒரு திரை இல்லை. முதுகு இருந்தது.

தனிமை என்ற சொல்லை அந்த ஆண்டு நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! நம் மார்க்கத்தில் தனிமைக்கு ஒரு கண்ணியம் இருக்கிறது. ஹிரா குகை இருக்கிறது, இஃதிகாஃப் இருக்கிறது. ஆனால் தனித்திருக்க ஒரு கதவு வேண்டும். சாத்திக்கொள்ள ஒரு கதவு, நினைத்தபோது திறக்க அதே கதவு. விடுதியில் இருந்தவர்களும் தனிமைப்படுத்தப்பட்டவர்கள்தான். அவர்கள் ஒரு நிமிடமும் தனியாக இல்லை. ஊரை விட்டுத் தனியாக, ஆனால் பன்னிரண்டு பேரோடு. நமக்குக் கிடைத்தது மனிதர்கள் இல்லாத தனிமை. அவர்களுக்கு அந்த ஓய்வுகூடக் கிடைக்கவில்லை.

சில கணக்குகளைச் சொல்கிறோம், இவை அரசாங்கம் வெளியிட்டவை. விடுதிகளில் இருந்தவர்கள் ஏறக்குறைய 3,23,000 பேர். 2020 டிசம்பர் நடுவில் வந்த விவரப்படி, பிசிஆர் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களும், ரத்தப் பரிசோதனையில் முன்பே தொற்றியிருந்தது தெரிந்தவர்களும் சேர்ந்து 1,52,000க்கும் மேல். அதாவது 47 விழுக்காடு. இரண்டு பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு நல்ல சிகிச்சை கிடைத்தது, உயிரிழப்பு மிகக் குறைவு. மருத்துவர்களையும் தாதியரையும் அந்த விடுதிகளுக்குள் போய்ப் பணியாற்றியவர்களையும் எத்தனை முறை நன்றியோடு நினைத்தாலும் தகும். ஆனால் அறை என்னவாக இருந்தது? முன்பிருந்த விதிப்படி ஆளுக்கு 4.5 சதுர மீட்டர், அதுவும் சமையலிடம் கழிவறை எல்லாம் சேர்த்து. நோய் வந்த பிறகு, 2021 செப்டம்பரில்தான், புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது.

இன்னொரு கணக்கு. இதை நாங்கள் யாரும் அப்போது உட்கார்ந்து எண்ணவில்லை. ஜூன் 2ஆம் தேதி பள்ளிவாசல்கள் நமக்குக் கொஞ்சமாகத் திறந்தன. ஜூன் 26ஆம் தேதி ஜும்ஆவும் வந்தது, ஒரு நேரத்துக்கு 50 பேர். பேரப்பிள்ளை கைப்பேசியில் இடம் எடுத்துக் கொடுத்தால்தான் பாட்டனாருக்கு ஜும்ஆ. முஸல்லாவைக் கையில் சுருட்டிக்கொண்டு போனோம். ஆண்டு முடிவதற்குள் எட்டுப் பேர் வரை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்றானது. நமக்கு 56 நாளும் அதன் மிச்சமும். விடுதியில் இருந்தவர்கள் வேலைக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள். ஓய்வு நாளில் அவர்களுக்கென்று இருந்த பொழுதுபோக்கு நிலையத்துக்குப் போகலாம். ஆனால் நம்மைப் போல் பேருந்து ஏறி நினைத்த இடத்துக்குப் போக முடியாது. 2021 செப்டம்பரில் வாரத்துக்கு 500 பேர் வரை சமூகத்துக்குள் வந்துபோக ஒரு முன்னோட்டம் தொடங்கியது. 3 லட்சம் பேரில் 500. வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற பொது விதி 2022 ஜூன் 24ஆம் தேதிதான் நீங்கியது. அப்போதும் ஞாயிறு, பொது விடுமுறைகளில் தேக்கா, சைனாடவுன் போன்ற நான்கு இடங்களுக்கு மட்டும் சீட்டு வேண்டும் என்று இருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து எண்ணிப் பாருங்கள், இரண்டு ஆண்டுக்கு மேல்.

இடையில் 2021 வந்தது. ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர்களிலிருந்து வந்த செய்திகளை நாம் மறக்க மாட்டோம். காலையில் எழுந்து வாட்ஸ்அப்பைத் திறக்கவே பயம். ஏப்ரல் இறுதியில் இந்தியாவிலிருந்து வருவோருக்கு இங்கே எல்லை மூடப்பட்டது, அக்டோபர் கடைசியில்தான் திறந்தது. போனால் வர முடியாது. வந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் ஊரில் அடுப்பு எரியும். பெற்றோரை இழந்த எத்தனையோ பேர் இங்கேயே இருந்தார்கள். நம்மில் ஷாஃபிஈ மத்ஹபினர் காயிப் ஜனாஸா தொழுதோம், ஹனஃபி மத்ஹபினர் யாசீன் ஓதி துஆ செய்தோம். அந்த நேரத்தில் விடுதிப் பையன்களும் இணையவழியில் நம்மோடு சேர்ந்துகொண்டார்கள். திரையில் சிறுசிறு கட்டங்கள். நம் கட்டத்துக்குப் பின்னால் புத்தக அலமாரி, திரைச்சீலை, சோபா. அவர்களுடைய கட்டத்துக்குப் பின்னால் இரும்புக் கட்டில், காய்கிற துணி, குறுக்கே போகிற யாரோ ஒருவரின் கால்.

இனி நாங்கள் கேட்க வந்ததற்கு வருகிறோம்.

இந்த மண்டபத்தின் பின்பக்கம் பொன்விழாக் கண்காட்சியில் சங்கத்தின் முதல் உறுப்பினர் பதிவேடு கண்ணாடிக்குள் இருக்கிறது. போகும்போது அவசியம் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், வேலை, தங்குமிடம் என்று ஐந்து பத்தி. வேலை என்ற இடத்தில் துறைமுகம், சாப்பாட்டுக் கடை, பணமாற்று, ஜாகா என்று இருக்கும். தங்குமிடம் என்ற இடத்தில் பலர் வீட்டு எண் எழுதவில்லை, கடை எண்ணைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஏனென்றால் கடைக்கு மேலேதான் படுத்தார்கள். பகல் வேலைக்காரரும் இரவு வேலைக்காரரும் ஒரே பாயை முறைவைத்துப் பயன்படுத்தினார்கள் என்று நம் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மனைவி மக்கள் ஊரில். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போவார்கள். ஊரில் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகுதான் இங்கே மவுத்துக் கடிதம் வரும். அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு எல்லாரும் மாடியில் கூடி யாசீன் ஓதுவார்கள்.

சங்கம் எதற்காகத் தொடங்கியது? கல்வி உதவிநிதி பிறகு வந்தது, தமிழ் வகுப்பு பிறகு வந்தது, குடும்ப நாளும் பிரியாணியும் அதற்கும் பிறகு வந்தன. தொடக்கத்தில் ஒரே காரணம்தான். இங்கே தனியாளாக ஒருவன் மவுத்தானால் மையித்தை எடுக்க நாலு பேர் வேண்டும், கஃபன் துணிக்குப் பணம் வேண்டும், ஊருக்குச் செய்தி எழுத ஆள் வேண்டும். மாதம் ஒரு வெள்ளி சந்தா அதற்காகத்தான்.

காலம் மாறியது. குடும்பங்கள் வந்தன, வீடு வந்தது, குடியுரிமை வந்தது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் உறுப்பினராகலாம் என்று பிறகு ஒரு விதியும் வந்தது. அந்தக் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது, அதை இப்போது கிளற வேண்டாம். இன்று நாம் கேட்பது இதுதான். வேலை அனுமதியில் இங்கே இருக்கும் நம் சகோதரர்களை இணை உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு 12 வெள்ளி சந்தா. ஜனாஸா உதவி அவர்களுக்கும் உண்டு. ஊரில் பெற்றோர் மவுத்தானால், இங்கே இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடி அறையில் ஓர் இரவு வந்து இருந்துகொள்ளலாம். சாவி நலப்பிரிவிடம் இருக்கும்.

கடைசியாகச் சொன்ன அந்த அறை சிறியது. இப்போது அதில் பழைய நாற்காலிகள் கிடக்கின்றன. இந்தத் தீர்மானத்தில் எங்களுக்கு மிக முக்கியமானது அதுதான். ஏன் என்று மறுபடியும் சொல்லத் தேவையில்லை.

ஆட்சேபங்கள் வந்திருக்கின்றன. இரண்டு ஆண்டில் போய்விடுகிறவருக்கு உறுப்பினர் தகுதி எதற்கு என்கிறார்கள். பதிவேட்டில் இருக்கும் முதல் தலைமுறையில் பாதிப்பேர் ஊர் திரும்பிவிட்டவர்கள்தான். அவர்கள் கொடுத்த சந்தாவில் வாங்கிய கட்டடத்தில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். வேலை அனுமதியில் இருப்பவர் இறந்தால் அடக்கம் செய்யவோ உடலை ஊருக்கு அனுப்பவோ ஆகும் செலவு முதலாளியுடையது, சட்டமே அப்படித்தான், நாம் ஏன் இடையில் போக வேண்டும் என்றும் கேட்கிறார்கள். செலவு முதலாளி ஏற்பார், சரி. குளிப்பாட்டும்போது பக்கத்தில் நிற்கிறவரும், அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்கிறவரும் யார்? பணம் போதுமா என்ற கேள்வி நியாயமானது. பொருளாளர் மூன்று ஆண்டுக்கான மதிப்பீடு தயாரித்திருக்கிறார். ஜனாஸா நிதி தாங்கும் என்பது அவர் கணிப்பு. அவர் எளிதில் ‘தாங்கும்’ என்று சொல்கிறவர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் கூட்டத்தில் எழுந்து சொல்லவில்லை, தேநீர் நேரத்தில் சொன்னார்கள். பெண்களும் பிள்ளைகளும் வரும் இடம், தனியாட்களாக நிறையப் பேர் வந்தால் கூட்டம் வேறு மாதிரி ஆகிவிடாதா என்று. மெல்லிய குரலில் சொன்னாலும் இதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். நம் வாப்பாமார்களும் பாட்டனார்களும் தனியாட்களாக நிறையப் பேர் வந்தவர்கள்தான். அவர்களைப் பார்த்தும் அன்று யாரோ இப்படிச் சொல்லியிருப்பார்கள். சென்ற பெருநாளன்று விடுதியிலிருந்து வந்த பையன்கள் இருபது பேர் இந்த மண்டபத்தில் நம் குடும்பங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துச் சஹனைக் கழுவி வைத்தது அவர்கள்தான். நம் பிள்ளைகள் கைப்பேசியில் இருந்தார்கள். இதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை.

ஒரு குறையும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இணை உறுப்பினர்களுக்கு வாக்குரிமை இல்லை. எங்களுக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் நிர்வாகக் குழு ஒருமனதாக ஏற்றது இந்த அளவுதான். ஒன்றுமே இல்லாமல் போவதைவிட இது மேல் என்று ஒப்புக்கொண்டோம். அடுத்த பொதுக்குழுவில் யாராவது திருத்தம் கொண்டுவந்தால் நாங்கள் வழிமொழிவோம்.

விதித்திருத்தம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற வேண்டும். அதன்பின் சங்கங்களின் பதிவாளர் அனுமதி வேண்டும். அனுமதி வந்த பிறகுதான் முதல் இணை உறுப்பினரைச் சேர்க்க முடியும். ஆகவே அவசரம் இருக்கிறது. தீர்மானத்தின் நகல் வாசல் மேசையில் பச்சை நிறத் தாளில் இருக்கிறது. எடுத்துப் போய் வீட்டில் எல்லாரும் படியுங்கள். பெண் உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு, சென்ற பொதுக்கூட்டத்துக்கு அவர்களில் மிகச் சிலரே வந்திருந்தார்கள். இந்த முறை வாருங்கள். மூன்றாம் மாடி அறையிலிருந்து நாற்காலிகளை இறக்க வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பின் ஆட்கள் தேவை. தீர்மானம் நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும் அந்த அறையை வெள்ளையடித்து வைப்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

மஃரிபுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள்.